அளவோடு ஓர் அறுவை

1861 நவம்பர் 24. ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களோடு அப்படியே சரிந்தது. 35 பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள் இருந்து குரல் கொடுத்த ஒரு பையனை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அதே இடத்தில் பிறகு கட்டிய கட்டடத்தின் நுழைவாயில் வளைவில் அவன் முகத்தைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். இன்றும் அங்கே இருக்கிறது.

எடின்பரோவின் பழைய ஊர் குன்றின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். மேல் முனையில் கோட்டை, கீழ் முனையில் அரண்மனை, இரண்டையும் இணைக்கும் ஒரே பெருந்தெரு. அந்தத் தெருவின் இருபுறமும் சரிவில் இறங்கும் சந்துகள். எதிரில் ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டில் பரவ இடமில்லாததால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கே விசாலமாகப் 'புது ஊர்' எழும்பியதும் வசதியுள்ளவர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். அறைக்கு ஒரு குடும்பம். தண்ணீரைக் கீழிருந்து சுமந்து ஏற வேண்டும், கழிவை மேலிருந்து சுமந்து இறங்க வேண்டும். காலராவும் டைஃபஸ் காய்ச்சலும் அந்தப் படிக்கட்டுகளை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன.

கட்டடம் விழுந்த மறு வருஷம், 1862-ல், நகராட்சி தன் முதல் சுகாதார அதிகாரியாக ஹென்றி லிட்டில்ஜான் என்ற மருத்துவரை நியமித்தது. 1865-ல் அவர் கொடுத்த அறிக்கை, எந்தப் பகுதியில் எத்தனை பேர் எதனால் சாகிறார்கள் என்று பிரித்துக் காட்டியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார் நகரத் தலைவரும் பதிப்பாளருமான வில்லியம் சேம்பர்ஸ். 1867-ல் சீரமைப்புச் சட்டம் வந்தது. சந்துகளை இடித்து, குறுக்கே அகலமான தெருக்களை வெட்டினார்கள். சேம்பர்ஸ் பெயரிலேயே இன்றும் அங்கே ஒரு தெரு இருக்கிறது.

நோக்கத்தில் குற்றமில்லை. புதுத் தெருக்களில் காற்று வந்தது, வெளிச்சம் வந்தது. ஆனால் இடிந்த வீட்டிலிருந்து வெளியேறிய கூலிக்காரன் வேலை செய்யும் இடத்தை விட்டு எவ்வளவு தூரம் போவான்? அடுத்த சந்தில், ஏற்கெனவே நெரிசலான ஓர் அறையில் போய் ஒண்டினான். ஒரு சந்தில் நோய் குறைந்தது, பக்கத்துச் சந்தில் ஆள் கூடியது. ஐரோப்பாவின் பல நகரங்களில் அப்போது இதுதான் நடைமுறை. பிளேனர் என்றால் ஸ்கேலை வைத்துக் கோடு கிழிப்பவர், கோட்டில் அகப்படுவதெல்லாம் இடிபடும்.

இதற்கு மாற்றாக ஒரு முறை பிறந்தது. இடிக்கவே கூடாது என்பதல்ல அதன் வாதம். எதை இடிப்பது, எவ்வளவு இடிப்பது என்பதை அந்தத் தெருவுக்குள் போய் நின்று முடிவு செய்ய வேண்டும் என்பது. அது எடின்பரோவில் பிறந்தது. எழுத்தில் முழு வடிவம் பெற்றதோ தஞ்சாவூரிலும் மதுரையிலும். நம் ஊர்ச் சந்துகள் உலகத்துப் பாடப்புத்தகத்துக்குப் போன கதை நமக்கே அதிகம் தெரியாது.

அந்த முறைக்குத் தகப்பனார் கட்டடக் கலைஞர் அல்லர், பொறியாளரும் அல்லர். செடி கொடி படித்தவர். பேட்ரிக் கெடிஸ், 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவின் தோட்டத்தில் வளர்ந்தவர். லண்டனில் டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை மங்கியது. வாரக் கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் மணிக்கணக்காகக் கண்ணைப் பொருத்தி உட்காரும் வாழ்க்கை முடிந்துபோயிற்று. சிறியதை உற்றுப் பார்க்க முடியாமல் போனவர் பெரியதைப் பார்க்கத் தொடங்கினார் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். உற்றுப் பார்க்கும் பழக்கம் அவரை விட்டு எப்போதும் போகவில்லை. செல்லுக்குப் பதிலாகச் சந்து, அவ்வளவுதான்.

1886-ல் அன்னா மார்ட்டனை மணந்தார். லிவர்பூல் வணிகர் வீட்டுப் பெண், ஏழைப் பெண்களுக்கான சங்கங்களில் உழைத்த அனுபவம் உள்ளவர். புதுமணத் தம்பதி புது ஊரில் வசதியாக வீடு பிடித்திருக்கலாம். இவர்களோ பழைய ஊரில் ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான முற்றத்தில் குடியேறினார்கள். முதல் குழந்தை நோராவை அங்கேதான் வளர்த்தார்கள்.

அந்த முற்றத்தில் அவர்கள் செய்ததைக் கேட்டால், இதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று தோன்றும். முற்றத்தைக் கழுவினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னல் விளிம்புகளில் பூத்தொட்டிப் பெட்டிகள் வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த கட்டம் கொஞ்சம் கடினமானது. வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நடுவில் நிற்கும் உளுத்துப்போன பின்கட்டு எது என்று பார்த்து, அதை மட்டும் வாங்கி இடித்தார்கள். இருட்டுச் சந்தின் நடுவே சின்ன முற்றம் திறந்தது. சுற்றியிருந்த வீடுகள் அத்தனைக்கும் ஒரே நாளில் ஜன்னல் வழியே வானம் தெரிந்தது. மற்ற வீடுகளைப் பழுது பார்த்தார்கள். சிலவற்றை மாணவர் விடுதிகளாக மாற்றினார்கள். படித்தவர்களும் கூலிக்காரர்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும் என்பது கெடிஸின் கணக்கு. கடன் ஏறியது. கெடிஸுக்கும் பணத்துக்கும் கடைசிவரை ஒத்துப்போனதில்லை. அன்னாதான் சமாளித்தார்.

பின்னாளில் நோராவும் அந்த வேலையில் இறங்கினார். பழைய ஊரில் எங்கெங்கே வெற்று மூலைகள், குப்பை மேடுகள், இடிந்த மனைகள் கிடக்கின்றன என்று கெடிஸின் குழு கணக்கெடுத்தது. அவற்றில் முடிந்தவற்றைக் குழந்தைகள் ஓடியாடவும் கிழவர்கள் உட்காரவுமான தோட்டங்களாக வடிவமைத்தவர் நோரா. கோட்டைக்கு அடியில் ஜான்ஸ்டன் டெரஸ் ஓரத்தில் இருந்த தோட்டம் இப்போதும் பச்சையாகவே இருக்கிறது. நகரமைப்பு வரலாறுகள் அப்பாவின் பெயரை அச்சிட்ட அளவுக்கு மகளின் பெயரை அச்சிட்டதில்லை.

இந்த முறைக்கு கெடிஸ் வைத்த பெயர் மருத்துவமனையிலிருந்து வந்தது. மயக்க மருந்து வருவதற்கு முன், மூட்டில் நோய் என்றால் அந்த உறுப்பையே எடுத்துவிடுவது வழக்கம். எடின்பரோவிலேயே ஜேம்ஸ் சைம் என்ற அறுவை மருத்துவர், கெட்டுப்போன மூட்டை மட்டும் வெட்டி எடுத்து உறுப்பைக் காப்பாற்றலாம் என்று 1831-ல் நூல் எழுதிக் காட்டினார். எடுக்க வேண்டியதை மட்டும் எடுத்து உறுப்பைக் காக்கும் அறுவை. 'காக்கும் அறுவை' என்ற அந்தப் பெயரையே ஊருக்கும் வைத்தார் கெடிஸ். சிகிச்சைக்கு முன் நோயறிதல் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். நாடி பிடிக்காமல் மருந்து எழுதும் டாக்டரை யாராவது விடுவார்களா? ஊருக்கு மட்டும் ஏன் விடுகிறோம்?

அவர் சேகரித்த நகர வரைபடங்கள், படங்கள், பழைய திட்டங்கள் எல்லாம் பெரிய கண்காட்சியாக வளர்ந்தன. 1913-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பரிசும் வாங்கியது. அந்தச் சமயம் சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பென்ட்லண்ட் பிரபு. முன்பு ஸ்காட்லாந்துக்கான அமைச்சராக இருந்தவர், ஆகவே கெடிஸை அறிந்தவர். கண்காட்சியோடு சென்னைக்கு வாருங்கள் என்று அழைத்தார். 1914-ல் கெடிஸ் புறப்பட்டார். கண்காட்சிப் பெட்டிகள் தனியாக 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலில் ஏறின.

இதற்குள் உலகப்போர் தொடங்கிவிட்டது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை நம் பாட்டிமார்கூட மறக்கவில்லை. அந்த எம்டன் அக்டோபரில் மினிக்காய் தீவுப் பக்கம் கிளான் கிராண்டையும் பிடித்து மூழ்கடித்தது. எடின்பரோ சந்துகளின் படங்கள் அரபிக்கடலின் அடியில் போய்ச் சேர்ந்தன. அறுபது வயது மனுஷன் இதற்கு மேல் என்ன செய்வார் என்று நினைப்போம். லண்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக மாற்றுப் படங்கள் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சேப்பாக்கத்துக் கடற்கரையை ஒட்டிய பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறந்தே விட்டது.

கண்காட்சி முடிந்ததும் கெடிஸ் மாகாணத்து ஊர்களுக்குக் கிளம்பினார். பெல்லாரி, கோயம்புத்தூர், மதுரை, தஞ்சாவூர் என்று நடந்து பார்த்து எழுதிய அறிக்கைகள் அந்த ஆண்டே அரசு அச்சகத்தில் அச்சாயின.

அப்போது இந்திய நகரங்களை ஆட்டிவைத்த பயம் பிளேக். 1896-ல் பம்பாயில் பரவியது. எலித் தெள்ளுதான் அதைக் கொண்டுபோகிறது என்று ஒருவர் 1898-லேயே சொன்னார், அதிகாரிகள் நம்பப் பத்து வருஷம் ஆயிற்று. அதுவரை குற்றவாளி காற்றோட்டமில்லாத வீடு. அதே 1898-ல் பம்பாயில் சீரமைப்பு டிரஸ்ட் ஒன்று அமைந்தது. நெரிசலான பேட்டைகளின் குறுக்கே பிரின்சஸ் ஸ்ட்ரீட், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு என்று நேர்த் தெருக்களை வெட்டியது. கல்கத்தாவிலும் அதே மாதிரி ஒரு டிரஸ்ட். எடின்பரோ 1867-ல் செய்ததை வெயில் நாட்டில், இன்னும் பெரிய அளவில், இன்னும் ஏழைகள் மீது செய்துகொண்டிருந்தார்கள். சின்ன நகராட்சிகளும் கையில் இருந்த காசுக்கு ஏற்ப அதையே பார்த்து எழுதின. தஞ்சாவூரும் அப்படி ஒரு திட்டம் வைத்திருந்தது.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள் உண்டு. அவற்றுக்கு இடையிலும் பின்னாலும் சந்துகளும் முடுக்குகளும். ஒரு முனையில் பிள்ளையார் கோயில், நடுவில் கிணறு, திரும்பினால் யார் வீட்டுக் கொல்லையோ. பொறியாளரின் வரைபடத்தில் இவற்றின் மேலே ஸ்கேலால் இழுத்த நேர்கோடுகள் விழுந்திருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கு அடியிலும் வரிசையாக வீடுகள்.

கெடிஸ் அந்தச் சந்துகளில் நடந்தார். நடந்துவிட்டு அவர் எழுதியதன் சாரம் இது. புதுத் தெருக்கள் தேவையே இல்லை. போய்வரப் போதுமான வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன, சிலவற்றைச் சற்று அகலப்படுத்தினால் போதும். காலி மனைகள் சில கிடக்கின்றன, பிழைக்காத நிலையில் சில வீடுகள் நிற்கின்றன. அந்த மனைகளைச் சந்தோடு சேர்த்து, அந்த வீடுகளை மட்டும் எடுத்துவிட்டால் அங்கங்கே சிறு சதுக்கங்கள் திறக்கும். அதில் மரம் வைக்கலாம், கிணற்றடியைக் கட்டலாம், சின்னக் கோயிலுக்கு முன்னால் நாலு பேர் நிற்க இடம் கிடைக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் காற்று எட்டும். பெரிய திட்டத்தில் அது எட்டவில்லை, வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும் என்கிறார்.

எப்படித் தெரியும்? பத்து வீட்டு ஆழமுள்ள ஒரு பேட்டையின் நடுவே நேர்த்தெரு ஒன்றை விட்டுப் பாருங்கள். தெருவைப் பார்த்த இரண்டு வரிசைக்கு முகப்பு கிடைக்கும். மூன்றாவது வரிசையில் இருப்பவருக்குப் பழைய இருட்டே மிச்சம். கோடு குறுக்காக வெட்டிய மனைகள் முக்கோணமாகவும் அரைகுறையாகவும் மிஞ்சும். நஷ்டஈடு மனைக்காரருக்குப் போகும், வாடகைக்கு இருந்தவருக்கு மூட்டை முடிச்சுதான். புது முகப்பில் வாடகை ஏறும். போக வழியில்லாதவர் மூன்றாவது வரிசையில் சொந்தக்காரர் வீட்டில் வந்து ஒண்டுவார். அகலத் தெருவில் நம் ஊர் வெயிலும் புழுதியும் எப்படியிருக்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. வளைந்து போகும் குறுகிய சந்தில் காலையில் ஒரு பக்கம் நிழல், மாலையில் மறுபக்கம் நிழல். எடின்பரோவில் சந்து வெயிலை மறித்தது, அது குற்றம். தஞ்சாவூரில் மறித்தது, அது குணம். ஒரே மருந்தை இரண்டு ஊருக்கும் எழுத முடியாது என்பதால்தான் முதலில் நடக்கச் சொன்னார்.

இந்த வேலையின் கஷ்டத்தையும் அவர் ஒளிக்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்து இதைச் செய்ய முடியாது. மணிக்கணக்காக நடக்க வேண்டும். பிராமணரோ பிரிட்டிஷாரோ மூக்கைப் பழக்கிக்கொள்ளாத நாற்றங்களின் நடுவே நின்று வரைய வேண்டும். இருக்கிற வரைபடங்கள் போதாது, இன்னும் நுணுக்கமான வரைபடம் வேண்டும் என்று கேட்டார். ஒரு வீட்டைக் காப்பாற்றப் போனால் இன்னொரு வீடு இடிக்கும், ஒரு மரத்தை விட்டால் வழி அடைபடும். பொறுமை போய், சதுரங்கப் பலகையை ஒரே வீச்சில் கையால் தள்ளிவிடலாமா என்று தனக்கே தோன்றியதை ஒப்புக்கொள்கிறார். அறிக்கைகளில் நான் மிகவும் மதிக்கும் இடம் அதுதான். நேர்கோடு போடுகிறவன் முட்டாள் என்று அவர் சொல்லவில்லை, அவசரக்காரன் என்றுதான் சொல்கிறார்.

தஞ்சாவூருக்கு இரண்டு வரைபடங்கள் மிஞ்சின. ஒன்றில் நகராட்சித் திட்டம், மற்றதில் கெடிஸின் திட்டம். செலவிலும் இடிபடும் வீடுகளிலும் வித்தியாசம் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

குளங்களைப் பற்றியும் அவருக்குச் சண்டை இருந்தது. கொசுவால்தான் மலேரியா என்று ரொனால்ட் ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகு, ஊர்க் குளங்களைத் தூர்ப்பதே சுகாதாரம் என்று ஒரு கட்சி கிளம்பியது. கெடிஸ், மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், அவை கொசுப்புழுவைத் தின்னும் என்றார். குளம் ஊரின் சூட்டைத் தணிக்கும், மழைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு வெள்ளத்தைத் தாங்கும் என்றார். அவருடைய அறிக்கைகளின் மை காய்ந்து பத்து வருஷம் ஆவதற்குள் சென்னையில் மாம்பலத்து நீண்ட ஏரியை வற்ற வைத்துத் தியாகராய நகர் எழுந்தது. அகலமான தெருக்கள், நடுவில் பூங்கா, காற்றோட்டமான மனைகள் என்று நல்ல நகரமைப்புக்கு உதாரணமாகவே அதைக் காட்டுவார்கள். தியாகராய நகரில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்களுக்கு, நாம்தான் தண்ணீரின் வீட்டில் குடியிருக்கிறோம் என்பது நினைவு வருவதில்லை.

1917 அவருக்குக் கொடிய வருஷம். மகன் அலாஸ்டர் பிரான்சில் போர்க்களத்தில் இறந்தார். அந்தச் செய்தியை, கல்கத்தாவில் நோய்ப்படுக்கையில் இருந்த அன்னாவுக்குக் கெடிஸ் சொல்லவில்லை. அன்னாவும் அங்கேயே இறந்துபோனார். ஜேம்ஸ் கோர்ட்டில் முற்றம் கழுவியதில் பாதிப் பங்கு அவருடையது.

அதற்குப் பின் இந்தூர். ஹோல்கர் சமஸ்தானத்துக்காக இரண்டு தொகுதி அறிக்கை எழுதினார், 1918-ல் அச்சானது. அங்கே நடந்த கதையைக் கெடிஸே பிற்பாடு சொல்ல, 1927-ல் வந்த அவரைப் பற்றிய நூலில் பதிவாகியிருக்கிறது. தெருவில் நடந்தால் ஜனங்கள் இவரைப் பார்த்துப் பயந்து ஒதுங்கினார்களாம். வரைபடத்தோடு தெருவில் வெள்ளைக்காரன் வந்தால் அடுத்து வீடு இடிபடும் என்று அவர்களுக்குத் தெரியும். கெடிஸ் மகாராஜாவிடம் போய், ஒரு நாளைக்கு என்னை மகாராஜாவாக்குங்கள் என்று கேட்டார். தீபாவளி வந்துகொண்டிருந்தது. ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும்? வழக்கமான தெரு வழியாக அல்ல, எந்தத் தெரு நன்றாகச் சுத்தமாகிப் பழுது பார்க்கப்பட்டிருக்கிறதோ அதன் வழியாக என்று அறிவித்தார். ஊர் முழுக்க வீடு பெருக்கி, ஓட்டை அடைத்து, குப்பையை வண்டி வண்டியாக வெளியே தள்ளியது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கன் போனான், பிளேக்கைக் கொண்டுவரும் பெரிய எலி பொம்மை போனது. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளைவெளேரென்ற புது உடுப்பும் மாலையுமாக நடந்தார்கள். பின்னால் லட்சுமி. முடிவில் அரக்கனை எரித்துவிட்டு, வீட்டுக்கு வீடு துளசிச் செடி கொடுத்தார்கள். வளைகளை அடைத்தால் எலி குறையும், எலி குறைந்தால் பிளேக் குறையும் என்பது மருத்துவப்படியும் சரிதான்.

கேட்க இனிக்கும் கதை. எனக்கு ஒரு முள் இதில் தைக்கிறது. துப்புரவுத் தொழிலாளிக்கு மாலை விழுந்தது ஒரு நாள். மறுநாள் அவர் அதே கூடையைத்தான் எடுத்திருப்பார். தஞ்சாவூர்ச் சந்துகளைப் பற்றிக் கெடிஸ் பேசும்போதும், மனிதர் நடந்து பழகிய அனுபவத்திலிருந்து அவை தாமே உருவானதாகச் சொல்கிறார். பாதி உண்மை. எந்தச் சந்தில் யார் குடியிருக்கலாம், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் சேந்தலாம், எந்த முனைக்கு அப்பால் யார் செருப்போடு நடக்கக் கூடாது என்பதைக் கால்கள் தீர்மானிக்கவில்லை, சாதி தீர்மானித்தது. அந்த வரைபடத்தை அவர் போதுமான அளவு படிக்கவில்லை. பழையதைக் காப்பது என்று கிளம்புகிறவர் அதற்குள் எதையெல்லாம் சேர்த்துக் காக்கிறோம் என்றும் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் நடந்த மனிதரிடம் இதை எதிர்பார்ப்பது அதிகமில்லை.

அவருடைய இந்திய அறிக்கைகள் ஐம்பதை ஒட்டி வரும். செயலுக்கு வந்தவை சொற்பம். 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வரைந்தார். வீட்டுத் தொகுதிகளுக்கு நடுவே தோட்டம் வைத்த அந்தத் திட்டம் ஓரளவு நிறைவேறியது. 1932-ல் பிரான்சின் மான்ட்பெல்லியேவில் இறந்தார். தாடிக்குள்ளேயே முணுமுணுப்பவர், ஓயாமல் பேசுபவர், சொன்னதைக் கோவையாக எழுதி முடிக்காதவர். அமெரிக்கச் சீடர் லூயிஸ் மம்ஃபோர்டே நேரில் சந்தித்தபோது திணறிப்போனார். அரசு அச்சகத்து அறிக்கைகளோ கிடைப்பதே அரிதாயிற்று.

அவற்றைத் தேடிப்பிடித்து, வேண்டிய பகுதிகளைப் பிரித்துக் கோத்து 1947-ல் லண்டனில் புத்தகமாக்கியவர் ஜாக்குலின் டிர்விட் என்ற நகரமைப்பாளர். தஞ்சாவூரின் இரண்டு வரைபடங்களும் அதில் ஏறின. போர்க் குண்டுகளில் இடிந்துபோன ஐரோப்பாவை எப்படித் திருப்பிக் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்த தலைமுறை அதைப் படித்தது. கெடிஸால் ஈர்க்கப்பட்ட இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் ஜான் டர்னர் 1957-ல் பெரு நாட்டுக்குப் போனார். மலைச்சரிவில் ஏழைகள் தாங்களே கட்டிக்கொண்ட குடியிருப்புகளில் வேலை பார்த்தார். இவற்றை இடிக்க வேண்டாம், தண்ணீரும் பாதையும் பட்டாவும் கொடுங்கள், மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள் என்று எழுதினார். எழுபதுகளில் உலக வங்கியின் கொள்கை அந்தப் பக்கம் சாய்ந்ததில் டர்னரின் எழுத்துக்குப் பங்குண்டு. ஜகார்த்தாவின் கம்போங்குகளில் 1969-லேயே அதே வழியில் வேலை தொடங்கியிருந்தது.

இப்படிச் சுற்றிக்கொண்டு அது சென்னைக்கே வந்தது. 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், அடுத்த வருஷம் சட்டம். வாரியம் முதலில் எழுப்பியது மூன்று நான்கு மாடித் தொகுப்பு வீடுகளை, பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே. 1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதில் குடிசைப் பகுதிகளை இடிக்காமல் தண்ணீர்க் குழாய், கழிப்பறை, நடைபாதை, விளக்கு, மனைக்கு உரிமை என்று கொடுத்தார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் அடிப்படை வசதிகளோடு மனைகளாகவும் பிரித்துக் கொடுத்தார்கள். இன்று அரும்பாக்கத்தில் அந்த மனைகளில் மாடி மேல் மாடி ஏறி, கீழே கடையும் மேலே வாடகையுமாக, எது திட்டத்தில் வந்த வீடு என்று அடையாளம் தெரியாமல் ஊரோடு கலந்துவிட்டது. அந்தத் திட்டத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் காற்று மாறியது. நகரத்துக்குள் நிலத்தின் விலை எகிறியது. 2000-ல் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் குடும்பங்களை லாரியில் ஏற்றி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கினார்கள். மனிதர்களை இடம் மாற்றுவதென்றால், செடியைப் பெயர்த்து நடும்போது எடுக்கிற கவனமாவது எடுக்க வேண்டும் என்று கெடிஸ் தன் இந்திய அறிக்கை ஒன்றில் எழுதியிருந்தார். தாவரவியல் பேராசிரியருக்கு, வேரோடு மண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கண்ணகி நகரில் சுவரும் கூரையும் கிடைத்தன. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் சுமை தூக்கவும் அதே பழைய பேட்டைகளுக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் ஜனங்கள் வந்த பிறகே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.